ஓஷிலிருந்து வர இரண்டு நாள்

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன்.
காலையில் உப்புப் போட்டுக் குடிக்கிறோமே,
அந்தப் பால் தேநீரின் நிறத்தில் ஆயில்.
உல்ஜானிடம் நீட்டினேன்.
"குடிக்கவா?" என்றாள்.

முர்காப் சந்தையில் கடைகளெல்லாம் கன்டெய்னருக்குள்.
சீன டயர் கிடைக்கும், காலுறை கிடைக்கும்,
சென்ற ஆண்டின் காலண்டர்கூடக் கிடைக்கும்.
உவாஸ் ஜீப்பின் ஹெட் கேஸ்கட்டுக்கு
ஓஷுக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.
நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நடுவில் ஓர் எல்லை,
எல்லையில் மதியத்துக்குமேல் விழிக்கும் ஒரு முத்திரை.

"பழையதையே போட்டுக் கொடு."
விடிந்தால் அவளுக்கு ஆறு பயணிகள், கோரோக் வரை.
முன்பணம் வாங்கி
மாவு மூட்டையாகவும் மாற்றிவிட்டாள்.

ஹெட்டைத் தூக்கினேன்.
பாதி கேஸ்கட் மேலே வந்தது, பாதி கீழேயே தங்கிவிட்டது.
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
சுண்டுவிரல் அகலத்துக்குக் கருகல்.

பழையதென்றாலே தூக்கி எறிகிற ஆளில்லை நான்.
வால்வு மூடியின் கார்க்கை மூன்று முறை போட்டிருக்கிறேன்.
வளைத்தால் வளைய வேண்டும், அவ்வளவுதான்.
தெர்மோஸ்டாட்டுக்கு பிஸ்கட் அட்டையே போதும்.
செம்பு வாஷரைச்
சிவக்கச் சிவக்க நெருப்பில் காட்டித் தண்ணீரில் போட்டால்
பட்டதையெல்லாம் மறந்து இளகிவிடும்.

இது அப்படியில்லை.
இதற்கு ஒரே ஒரு முறைதான் நசுங்கத் தெரியும்.
நசுங்கிய அன்றே
எங்கே மேடு எங்கே பள்ளமென்று மனப்பாடம் செய்துகொள்கிறது.
மறுபடி இறுக்கினால்
அந்தப் பழைய பாடத்தையே ஒப்பிக்கும்.

ஒரு பிப்ரவரியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்,
கால்நடை மருத்துவர் சாதிபால்தியின் வண்டிக்கு.
சில்லறைக் காசு மிச்சம்.
அக்-பைத்தல் கணவாயில் நின்றுவிட்டது.
அவரும் நோய்ப்பட்ட ஒரு கிடாயும்
ஒரு முழு இரவு.
கிடாய் பிழைத்தது.
அவருக்குக் கால்விரல் ஒன்று போயிற்று.
இன்றைக்கும் என்னைக் கண்டால்
அவர்தான் முதலில் வணக்கம் சொல்கிறார்.
வேறு தெருவில் சுற்றி வீட்டுக்குப் போகிறேன்.

இதையெல்லாம் உல்ஜானிடம் சொன்னேன்.
கேட்டுவிட்டு,
"போன வருஷம் புதியதுதானே போட்டாய்?
அதுவும்தானே கருகிற்று?" என்றாள்.

கடைக்குள் போய் எஃகு அளவுகோலை எடுத்து வந்தேன்.
ஹெட்டின் முகத்தில் குறுக்காக வைத்தேன்.
பின்னால் அவளை டார்ச் பிடிக்கச் சொன்னேன்.
நடுவில்,
முடி நுழையும் அளவுக்கு,
வெளிச்சம்.

போன வருஷம் நான் அளவுகோல் வைக்கவில்லை.
அதை அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கோணல் முகத்தில்
புதியதும் பழையதும் ஒன்றுதான்.

ஓஷுக்குப் போன் செய்தேன்.
அவள் ஆறு பேருக்கும் போன் செய்தாள்.
நான்கு பேர் திட்டினார்கள், ஒருவர் அழுதார்,
ஒருவர் எடுக்கவே இல்லை.
உடைந்த ஜன்னலின் கனத்த கண்ணாடியைத் தரையில் கிடத்தி
அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி
ஹெட்டை எட்டு எட்டாகத் தேய்த்தோம்,
நான் கொஞ்சம், அவள் கொஞ்சம்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
இருபது தேய்ப்புக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டும்.
அலுமினியத் தூள் அவள் புருவத்தில் படிந்தது.
இரண்டாம் நாள் மாலை
அளவுகோலுக்கடியில் இருட்டு.

உருளைக்கிழங்கு லாரியில் வந்து சேர்ந்தது கேஸ்கட்,
வளைந்துவிடக் கூடாதென்று
யாரோ வீட்டு ரொட்டிப் பலகையில் கட்டி.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்கினேன்.
கடைசிச் சுற்றில்தான் கேட்டாள்:

"போல்ட்டெல்லாம்?"

"பழையதுதான்."

உல்ஜான் டார்ச்சை எடுத்தாள்.