கொஞ்சம் அட்ஜஸ்ட்

மூன்று பேர் இருக்கை.
மாம்பலத்தில் ஏறியவள்
ஈரக் குடையும் லேப்டாப் பையுமாய் நின்று
"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றாள்.
ஆளுக்கு நாலு விரல் நகர்ந்தோம்.

காலையில் இதே சொல்லைத்தான்
வீட்டு ஓனர் ஜெயசிங் சொன்னார்:
தண்ணி லாரி இனி வாரம் ஒருதரம்.
சம்பளத்தைப் பதினைந்துக்குத் தள்ளிய ஆபீஸும்
சொன்னது.
அம்பத்தூரிலிருந்து அழுதுகொண்டே பேசிய செலீனாவிடம்
பெற்றவர்கள் சொன்னதும் இதுதான்.
அன்று வைத்த போனை அவள்
இன்னும் எடுக்கவில்லை.

அனுசரி, விட்டுக்கொடு, பொறுத்துப் போ.
ஏவல் வினைக்குப் பால் கிடையாதென்று
இலக்கண வகுப்பில் படித்தது பொய்.

பாரிமுனையில் பத்திரங்களை
மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான்.
மதியம், அட்டை கிழிந்த அகராதியில் தேடினேன்.
லத்தீனில் அதன் வேருக்கு
'பக்கத்தில்' என்று பொருள்.
அருகே கொண்டுவருவது. அவ்வளவுதான்.
வழியில் யாரோ
அதற்குள் நியாயம் இருப்பதாய்
தப்பாக நினைத்துக்கொண்டார்களாம்.
சிரிப்பு வந்தது.
எங்களுக்கு அந்தத் தப்பு
ஒருநாளும் நேர்ந்ததில்லை.

மீனம்பாக்கம் தாண்டுமுன்
என் தோளில் தூங்கிவிட்டாள்.
குடை என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.
பல்லாவரத்தில் மற்ற இருவரும் இறங்க
இருக்கை காலியாய்க் கிடந்தது.
விழித்துப் பார்த்தாள்.
தள்ளி உட்காரவில்லை.
நானும்.

இடது கையால்
செலீனாவுக்கு மறுபடி அடித்தேன்.
மணி போய்க்கொண்டிருக்கிறது,
குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம்.