இரண்டு எல்

புவெனஸ் அயர்ஸில் ஒரு மூலைக்கடை.
சோப்புத்தூள் கேட்டாள் எவுஸ்தாகியா ல்யாங்கே.
"ல்யூவியா, அரைக் கிலோ."
கடைக்காரனுக்குக் கேட்டது, புரியவில்லை.
உறையைத் தொட்டுக் காட்டினாள்.
"ஓ, ஷூவியா!"

மழை என்று பொருள் அந்தப் பெயருக்கு.
பொலிவியாவில், அவள் ஓரூரோவில், அதைச் சொல்ல
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
மனமில்லாமல் பிரியவேண்டும்.
இங்கே பல்லிடுக்கில் காற்று போதும்.

ஆஸ்பத்திரியில் அவள் ஷாங்கே.
முதல்முறை கூப்பிட்டபோது
யாரையோ வாய்மூடச் சொல்கிறார்கள் என்று
தானும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
டோக்கன் நாற்பத்தேழு
போய்விட்டது.

திரும்பும் வழியில்
நிஜமாகவே பிடித்துக்கொண்டது.
பஸ் நிறுத்தத் தகரத்தடியில் நின்று கேட்டாள்:
ஷ்ஷ்ஷ் என்றுதான் பெய்கிறது.
சனியன்,
மழையும் இந்த ஊர்க்காரன்.

பைக்குள் உறை நனைந்து நுரைக்கிறது.
"ல்யூவியா" என்றாள் சாலையைப் பார்த்து,
இன்னும் கொஞ்சம் உரக்க.