இளைய முட்டி

வலது முட்டிக்குப் பதினாலு வயது.
இடது, இன்று காலை ஒன்பதே காலுக்குப் பிறந்தது,
யீஷூன் மருத்துவமனையில், நல்ல மழையில்.

மூத்ததற்கு
நள்ளிரவிலிருந்தே பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது.
இரண்டு பை இரத்தம், தொடையோரம் குழாய்,
நான்காம் நாள்தான் தரை.
இளையதற்கோ
விடியற்காலை ஆறு மணிக்கே ஆப்பிள் சாறு!
குழாய் இல்லை.
யாருடைய இரத்தமும் தேவைப்படவில்லை.

மாலை நான்கு.
ஷாஹிரா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.
"அங்கிள், கழிவறை வரைக்கும்."
"இன்றைக்கேவா?"
"இன்றைக்கேதான்."

முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவன்.
ஏறியவர் கம்பியைப் பிடிக்குமுன்
வண்டியை எடுத்ததில்லை.
வாக்கரை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு
பதினோரு எட்டு வைத்தேன்.
வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.
பத்துக்கு எத்தனை என்றாள்.
ஆறு. இல்லை, ஏழு.
அறுபத்தெட்டு பாகை மடங்குகிறதாம்,
எழுதிக்கொண்டாள்.

விளக்கணைத்த பிறகு
மூத்ததைத் தடவிப் பார்க்கிறேன்.
பதினோரு எட்டிலும் பாதிப் பாரம் அதனுடையது.
அதன் நான்கு நாட்களையும்
அன்றைக்கு யாரோ இப்படித்தான்
எழுதி வைத்திருக்க வேண்டும்.
இல்லாவிட்டால்
இதற்கு ஏது ஆப்பிள் சாறு?