கதம் தால்

என் முகம் அச்சடித்த பிளெக்ஸ்
இப்போது ஷீட் காயும் புகைப்புரைக்கு மேல் கிடக்கிறது.
பன்னிரண்டடிக்கு எட்டடி.
'தேசம் காக்கப் புறப்படும் எங்கள் ஜெர்வின்' என்று
குலசேகரம் சந்தை முக்கில்
ஒன்றரை மாதம் நின்றது.
நல்ல கனம், மழை ஒழுகாது என்றார் அப்பா.
நான் திரும்பி வந்ததைப் பற்றி
அவ்வளவுதான் சொன்னார்.

யாரும் விசில் ஊதாமலே
நாலு மணிக்கு எழுகிறேன்.
போர்வையை மடிக்கிறேன்
உள்ளே அட்டை வைத்து,
பிரெட் துண்டு மாதிரி விளிம்பு நிற்கும்வரை.
"எதுக்குல இது? ராத்திரி திரும்ப விரிக்கத்தானே போற"
என்கிறாள் ஷைனி அக்கா.

அங்கே எனக்குப் பேர் முப்பத்தெட்டு.
முதல் நாள் தலையில் மெஷின் ஓடியது.
நாற்பது பேரும்
ஒரே அம்மா பெற்றவர்கள் போலானோம்.
கண்ணாடி பார்த்த ஒருவன்
பக்கத்தில் நின்றவன் தலையைத் தடவினான்,
தன்னுடையது என்று நினைத்து.

இந்தி எனக்குத் தெரியாது.
குறும்பனை கிளீட்டஸுக்கும் தெரியாது.
'பீச்சே முட்' என்றால்
முன்னால் நிற்பவனின் முதுகு முகமாக மாறும்;
அதைப் பார்த்து நாங்கள் திரும்புவோம்,
எப்போதும் ஒரு நொடி பிந்தி.
அந்த நொடிக்கு விலை
மைதானம் முழுக்க உருளல்.
முழங்கையில் தோல் போன இடத்தில்
செம்மண் ஏறிக் காய்ந்திருக்கும்.
வாந்தி எடுத்துவிட்டு கிளீட்டஸ் சிரித்தான்:
"வள்ளத்துலகூட எனக்கு இப்பிடி வந்ததில்ல மக்கா."
சிரித்ததற்காக இன்னொரு தடவை உருண்டோம்,
சிரிக்காத நானும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிட போனில்
"சாப்பாடு கொள்ளாம்" என்றேன்.
சப்பாத்தியா சோறா என்றாள் அம்மா.
ரெண்டும்.
மீன்?
எனக்குப் பின்னால் வரிசையில் பதினாறு பேர்.

இதையாவது சொல்லியிருக்கலாம்:
ஒரு ராத்திரி ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது
முதல்முறையாக அது என் கைக்கு அடங்கியது.
சந்தோஷமாக இருந்தது.
அந்தச் சந்தோஷம்
கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பதினொன்றாவது வாரம். முதுகில் பொதி.
இடது கணுக்காலுக்கு மேலே
பால் வெட்டும் கத்தி இறங்குவது மாதிரி
சரிவாக, மெல்லிசாக ஒரு வலி.
ஆறு நாள் மறைத்தேன்.
ஏழாம் நாள் எக்ஸ்ரேயில்
மயிரிழையில் ஒரு கோடு.
டாக்டர் பேனாவால் காட்டினார்.
நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டு. கையெழுத்து. ரயில் வாரண்ட்.
ஸ்டோரில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்:
மக் ஒன்று, பெல்ட் ஒன்று,
சாக்ஸ் நாலு ஜோடி.
எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது அப்பாவோடு வெட்டப் போகிறேன்,
நெற்றியில் லைட் கட்டி.
ரப்பர் மரங்கள் வரிசையில் நிற்கின்றன.
நான் அவற்றுக்கு எந்தக் கட்டளையும் கொடுப்பதில்லை.
சிரட்டையில் முதல் சொட்டு விழுந்ததும்
அடுத்த மரத்துக்கு நடக்கிறேன்,
நொண்டல் தெரியாத வேகத்தில்.

நேற்று சரிவின் கீழிருந்து
"லேய்" என்று கூப்பிட்டாள் அக்கா.
குதிகால் சேர்ந்துவிட்டது.
"ஜீ உஸ்தாத்!"
அவள் சிரிக்கவில்லை.
கட்டன்சாயா தம்ளரைக் கல்லில் வைத்துவிட்டுப்
போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளீட்டஸ் போன் செய்தான்.
அடுத்த வாரம் கசம் பரேடாம்.
அவன் அப்பா நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு வருகிறாராம்,
உஸ்தாதுக்கும் ஒரு பொட்டலம்.
"கால் எப்பிடி இருக்கு மக்கா?"
"கொள்ளாம்."
கொஞ்ச நேரம் ரெண்டுபேரும் பேசவில்லை.

அவனுக்குப் பின்னால், மைதானத்தில்,
யாரோ கத்துகிறார்: கதம் தால்!
நின்ற இடத்திலேயே நடப்பது அது.
ஓரடி முன்னால் போகக் கூடாது,
நிற்கவும் கூடாது.
"கேக்குதா? புதுப் பயலுவ" என்றான்.

கேட்டது.
மேசைக்கு அடியில்
என் இடது கால் எழும்பி இறங்கியது,
எழும்பி இறங்கியது.