பிறந்த ஊர் என்ற கட்டம்

ஆனையூர் முகாமுக்குத் திரும்பும் முக்கில் என் கடை.
ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
பின்சுவரில் நாலு ஆணியில் இழுத்துக் கட்டிய
எட்டு முழ வேட்டிதான்
அமெரிக்கா கேட்கிற வெள்ளை.

ஐப்பசி மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.
காது ரெண்டும் தெரியணும் என்றேன்.
ஜெசிந்தா முடியை ஒதுக்கினாள்.
சிரிக்கக் கூடாது என்றேன்.
"அது பழக்கம்தான்" என்றாள்,
"கேம்ப் கார்டிலயும் அப்படித்தானே."

பெயர். பிறந்த தேதி.
பிறந்த நாடு.

அந்தக் கட்டத்தில் நான் ஏற்கெனவே தோற்றவன்.
இந்தியாவிலிருந்து கூட்டமாய்ப் போய்விட்டார்களாம்,
எங்களுக்குக் குலுக்கல் கிடையாது.
பெரியாஸ்பத்திரியில் பிறந்ததை
இனி மாற்றவும் வழியில்லை.

இவளோ பேசாலை.
தொண்ணூறில், இரண்டு வயதில்,
தூக்கத்திலேயே கடல் தாண்டியவள்.
வாடகைக்கு வீடு கேட்டபோதும்
வேலைக்கு மனுப்போட்டபோதும்
இடறி விழவைத்த அந்த ஊர்
இன்று ஒரு கட்டத்துக்குள்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

"பாஸ்போர்ட்?"
இல்லை.
விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

காத்திருந்த நேரத்தில் தம்பியைப் பற்றிக் கேட்டாள்.
சோணைமுத்து. அங்கே சோனி என்கிறார்களாம்,
டிவிப் பெட்டி மாதிரி.
வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு
ஒஹாயோவுக்குப் படிக்கப் போனான்.
ஒரு செமஸ்டர் பணம் கட்டவில்லை.
கல்லூரி அவன் பெயரை எடுத்துவிட்டது.
விசாவில் இன்னும் இரண்டு வருடம் மிச்சமிருந்தது,
அவன்தான் காலாவதியாகிவிட்டான்.
இப்போது பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை.
சம்பளம் கையில், கணக்கில் இல்லை.
போலீஸ் வண்டி டீசல் போட வந்தால்
பாத்ரூமைக் கழுவப் போய்விடுவானாம்.

அப்பா செத்தபோது வரலாம், தடையில்லை.
திரும்பிப் போகத்தான் பத்து வருடம் ஆகும்.
கடன் பாக்கி ஒன்பது லட்சம்.
தத்தனேரியில் நான் மொட்டை போட்டதை
வீடியோவில் பார்த்தான்.
கடைசியில் தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.
அவனும்.

"ஓவர்ஸ்டே எண்டால்?"
குடுத்த நாளுக்கு மேல இருக்கிறது.
"அப்ப நாங்கள் எத்தனை நாள் கூட இருக்கிறம்?"
குடுத்தது எத்தனை நாள் என்றேன்.
"ஒருத்தரும் நாள் சொல்லேல்லை."

ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று
போன மாதம் எழுதிக் கொடுத்த அவள் சித்தப்பாவிடம்
இருபத்தைந்து வருடம் கூடுதலாய்த் தங்கியதற்கு
அபராதம் கேட்டிருக்கிறார்கள்.
மனிதர் அந்தத் தாளை
மடித்து, பீடிக்கட்டு வைக்கும் பையில் வைத்துக்கொண்டு
பெயின்ட் வேலைக்குப் போய்விட்டாராம்.

திருமணமானவரா என்று கேட்டது படிவம்.
இல்லை என்று சொடுக்கினேன்.
கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி,
கணவனோ மனைவியோ பிறந்த நாட்டை
மற்றவரும் தன் நாடாகக் காட்டலாம்.
எனக்கு மனப்பாடம் அது.
வேகமாய் நகர்த்தினேன்.
அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அல்லது திரையைப் பார்த்து முடித்திருந்தாள்.

பதிவு எண் வந்தது.
ஒரு பிரதி கேட்டாள், இரண்டு எடுத்தேன்.
போட்டோவுக்கு முப்பது ரூபாய்.
சில்லறையை எண்ணி வைத்தாள்,
வாங்காமல் இருந்தால் இனி வரமாட்டாள்
என்பதால் வாங்கிக்கொண்டேன்.

சித்திரை கழிந்தது. அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார்.
ஆற்று மணலில் நீர்மோர்ப் பந்தல்களைப்
பிரித்துக்கொண்டிருந்த ராத்திரி,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கல்லாவிலிருந்த பிரதியை எடுத்தேன்.
எண்ணைத் தட்டினேன்.
திரை சொன்னதை
இரண்டு முறை படித்தேன்.

காலையில் வந்தாள். தலை ஈரம்.
"பாத்தீங்களா?"

சர்வர் வேலை செய்யவில்லை என்றேன்.
நாளைக்கு வா என்றேன்.

வேட்டியைத் துவைக்கப் போட்டிருந்தேன்.
பின்சுவரில் அவள் பார்த்துக்கொண்டு நின்றது
நாலு ஆணி.