தேதி எங்கே?

சுவரொட்டிகளின் கண்காட்சிக்கு
ஒரு சுவரொட்டி வேண்டும்:
சமையல்காரர் வீட்டுக் கல்யாணத்தில்
பந்தி போடுவதுபோல.

ஓஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
த்ரஹோமிரா பதினேழு வரைந்து
பதினேழையும் கிழித்தாள்.
எல்லாமே கொஞ்சம் உரக்கப் பேசின.

கடைசியில் வெறும் மஞ்சள்.
எழுத்தில்லை. கீழ் விளிம்பில்
கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு.
"தேதி எங்கே?" என்றது குழு.
அதற்குள் இருநூறு தாள்கள்
டிராம் நிறுத்தங்களில் ஒட்டியாயிற்று.

மூன்றாம் நாள், ஸ்வினோவ் நிறுத்தத்தில்,
கோட்டுக்குச் சற்று மேலே யாரோ பேனாவால்:
சாம்பல் பூனை, ஒற்றைக் காது, காணவில்லை.
பக்கத்தில் வேறு கையெழுத்து: எப்போதிலிருந்து?
அதற்கும் கீழே, பென்சிலில்: செவ்வாய்.

அவள் அதை உரிக்கவில்லை.
படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினாள்.
திறப்பு விழாவும் செவ்வாய்தான்.

வந்தவர்கள் பூனையைத்தான் விசாரித்தார்கள்.