பங்குனியில் ஆறு தடவை

காலை அஞ்சு மணிக்கு உடம்பு போர்வை கேட்டது.
முத்தூர் ரோட்டில் மூட்டம்;
பால்வண்டியின் ஹாரன் முதலில் வந்தது,
வண்டி அப்புறம்.
பங்குனி பதினெட்டு என்றது காலண்டர்.
களத்துச் சிமெண்டைத் தொட்டால் மார்கழி.

எட்டரைக்கு அதே சிமெண்டில்
வெறுங்கால் வைக்க முடியவில்லை.
தெய்வாத்தா செருப்போடு நடந்து
தேங்காய்ப் பருப்பை மல்லாத்திப் போட்டாள்,
வெள்ளைக் கிண்ணங்கள், களம் முச்சூடும்,
வெயிலை ஊற்றி வைக்கச் சொன்னது போல.
முப்பதாயிரம் காய்.
நாலு நாள் காய்ந்தாயிற்று, இன்னும் ரெண்டு நாள் வேண்டும்.
அந்த ரெண்டு நாளை எந்தச் சந்தையிலும் விற்பதில்லை.

நான் இந்தக் களத்துக்குக் கணக்கு எழுதுகிறவள்.
என் செல்போன் சொன்னது: மழைக்கு நாற்பது சதம்.
"நாப்பது சதம்னா களத்துல எந்த மூலைக்கு அம்மிணி?"
தெய்வாத்தா நிஜமாகவே கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றுக்குக் காற்று.
வைகாசியில் கணவாய் வழியாக வரவேண்டியது
இப்போதே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனது.
சோளத்தட்டு, சிமெண்டுச் சாக்கு,
யாரோ வீட்டு மஞ்சள் துண்டு
வேலிமுள்ளில் ஏறி நின்று கையாட்டின.
சிவன்மலைப் பக்கம் கறுத்தது.

"தார்ப்பாய்!"

சுக்ராம் ஓடினான், பூல்மணி ஓடினாள்,
பலகையால் தள்ளித் தள்ளிக் குமித்து
ஆறு பேர் ஆறு முனையில் பிடித்து இழுக்க
தார்ப்பாய் ஒருமுறை ஊதி
அவர்களைத் தூக்கிப் பார்த்தது.
டயர் வைத்தார்கள், கல் வைத்தார்கள்,
பத்தாத இடத்தில் பூல்மணி உட்கார்ந்துகொண்டாள்.

நாலு துளி.
அதில் ஒன்று என் நோட்டில்,
சுக்ராம் பேரின் மேல் விழுந்து
அவன் பேர் மட்டும் பெருத்துவிட்டது.
அப்புறம் சுள்ளென்று வெயில்.

மூடியே வைத்தால் உள்ளே வேர்க்கும்,
வேர்த்தால் பூஞ்சணம், பூஞ்சணத்துக்கு விலை பாதி.
திற.
ஒன்றரைக்கு மூடு. ரெண்டுக்குத் திற.
சோற்றுப் போசியைத் திறந்தபோது மறுபடி மூடு.

வெள்ளகோயிலில் இருந்து முதலாளி கிட்டுசாமி பேசினார்:
"மழைங்களா? இங்க மண்டை பொளக்குதுங்களே!"
பன்னிரண்டு கிலோமீட்டர்.
அவர் வானம் வேறு, எங்கள் வானம் வேறு.

நாலரைக்கு நொய்யலின் அக்கரையில்
ஆலங்கட்டியே விழுந்ததாம்.
எங்களுக்கு வந்தது மண்வாசம் மட்டும்,
பக்கத்து வீட்டுத் தாளிப்பு மாதிரி.

காய் உடைக்க ஆயிரத்துக்கு இவ்வளவு,
பருப்பு நோண்ட மூட்டைக்கு இவ்வளவு.
மூடியதற்கும் திறந்ததற்கும்
நோட்டில் இடமே இல்லை.
அன்றைக்கு உடைத்த காய் ரொம்பக் கம்மி.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்,
மேலே எழுதினேன்: வானம்.
கீழே: ஆறு.

ஏழு மணிக்கு முதலாளி புரட்டினார்.
"இதென்ன அம்மிணி, வானம்?"
"இன்னைக்கு ஆறு தடவைங்க."
வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்.
துடைத்து வைத்த தட்டு போல இருந்தது,
நட்சத்திரம் எல்லாம் ஆஜர்.
திரும்பி வந்து பேனா கேட்டார்.
கோட்டை அழிக்கவில்லை.
ஆறை அஞ்சாக்கினார்.
"ஒண்ணு வெறுங் காத்துக்கு மூடுனது தானுங்களே."

அஞ்சுக்குக் கூலி போட்டுக் கொடுத்தேன்.
சுக்ராம் ரெண்டு தரம் எண்ணினான்,
கூடுதலாய் இருந்ததால்.

ராத்திரி ரெண்டு மணிக்குத்
தகரத்தில் ஒரு தட்டல், அப்புறம் ரெண்டு,
அப்புறம் ஒரு மூட்டை காய் கொட்டினாற்போல.
எதிர்ச்சாரியில் டார்ச் வெளிச்சம் ஓடுவது
ஜன்னலில் தெரிந்தது.
பூல்மணி யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
போர்வையை உதறிவிட்டு எழுந்தேன்,
ஒரு முனை குறையும் அவர்களுக்கு.

செருப்பைத் தேடும்போது யோசனை:
இதை எந்தத் தேதியில் எழுத?